நீல டின்னின் மூடி

வுப்பர்டால்
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு, தங்கச்சி செல்லம் எழுதுவது.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலும் காதும் உங்களோடு சமாதானமாக இருக்கின்றனவா என்று அறிய ஆசை.

போன கிழமை தொலைபேசியில் நான் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்க, நீங்கள் "ஓம், செவ்வாய்க்கிழமை" என்றீர்கள். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனிக் கடிதம்தான். கடிதத்துக்குக் காது தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடிய கை இது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள், திருத்தித் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள்.

இத்துடன் நீல பிஸ்கட் டின்னில் பயற்றம் பணியாரம் அனுப்புகிறேன். புஸ்பவதி மச்சாள் உயிரோடு இருந்த காலத்திலிருந்து நம் இரண்டு வீட்டுக்கும் இடையே ஓடித் திரிகிற அதே டின். வெறும் டின்னாகத் திருப்பி அனுப்பினால் மச்சாள் உங்கள் கனவில் வந்து ஏசுவார், சொல்லிவிட்டேன்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முதியோர் இல்லத்துக் குசினியில் இப்போது எனக்குச் சோடியாக நிற்கிறவள் பேர்பெச்சுவா. அங்கோலாவில் கபிண்டா என்ற கடற்கரைப் பக்கத்துக்காரி. 88இல் கிழக்கு ஜெர்மனிக்காரர் ஆலை வேலைக்கு ஆள் எடுத்தபோது, நீங்கள் வந்திறங்கிய அதே ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில்தான் அவளும் இறங்கினாளாம். ஆனால் அவள் அங்கிருந்து எங்கெங்கோ போய் வந்துவிட்டாள். நீங்கள்தான் இறங்கின இடத்திலேயே குந்தியிருக்கிறீர்கள்.

அவளிடம் எதற்கும் ஒரு முதுமொழி இருக்கிறது. சூப் பொங்கி வழிந்தால் ஒன்று. மேலாளர் கத்தினால் ஒன்று. உருளைக்கிழங்கு அவியாவிட்டால்கூட ஒன்று. அவள் சொல்வது இந்த நாட்டு டொச் மொழியில், நான் நம்முடைய பேச்சில் எழுதுகிறேன்.

"உங்கடை ஊரிலை ஆரும் நேரை கதைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"நேரை கதைச்சா சண்டை வரும், செல்லம். இப்பிடிச் சொன்னா ஆரையும் பேர் சொல்லத் தேவையில்லை. ஆருக்குச் சுடுதோ, அவர் தன்ரை பேரைத் தானே அதுக்குள்ளை கண்டுபிடிப்பார்" என்றாள்.

அந்த முதுமொழிகளில் ஒன்றையும் உங்களுக்கு எழுதவில்லை. அவளுடைய மொழியில் பிறந்து, போர்த்துக்கீசுக்குப் போய், டொச்சில் ஏறி என்னிடம் வரும்போது அது மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றிய தேயிலை. நான் தமிழில் எழுதினால் வெறும் சுடுதண்ணீர்தான் மிஞ்சும்.

இவர் சுகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பணியாரத்தைக் குறை சொல்லாமல் சாப்பிடும்படி கேட்டுக்கொள்ளும்,
செல்லம்


ஷோனெஃபெல்ட்
29 செப்டெம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். அவ்விடம் யாவரும் நலமென நம்புகிறேன்.

டின் கிடைத்தது. பணியாரம் சற்றுக் கடினம். திருப்பி அனுப்பும் டின்னில், என்னோடு சீட்டாடும் கோவிந்தராஜனுடைய தோட்டத்துப் ப்ளம்ஸ் பழங்கள் வைத்திருக்கிறேன்.

ஒரு முக்கியமான விடயம். மூன்றாம் மாடி எனக்கு இனி ஏலாது. லிஃப்ட் போடும் எண்ணம் வீட்டுக்காரருக்கு இல்லை. ஆகவே மார்ச் மாதக் கடைசியில் இந்த வீட்டை விட்டுவிட்டு உன்னிடம் வந்து இருப்பதெனத் தீர்மானித்திருக்கிறேன். மகள் தேனுஜா வேலை கிடைத்து வால்டோர்ஃபுக்குப் போய்விட்டபடியால் அவளுடைய அறை சும்மா கிடக்கும். நான் யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாதவன். இரண்டு வேளைச் சாப்பாடு, பின்னேரம் ஒரு தேநீர். உனக்கும் ஒரு துணையாக இருக்கும்.

இருபத்திரண்டு வயதில் உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, ஸ்ரீதரனைப் பார்த்துக் கட்டி வைத்தவன் நான். புஸ்பவதியும் இல்லை, எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. கடைசிக் காலத்தில் உன் கையால் சாப்பிடுவதில் எனக்கும் ஒரு நிறைவு. சனிக்கிழமைச் சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அண்ணன்,
கதிர்காமநாதன்


வுப்பர்டால்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக, படிகளில் கைபிடியைப் பிடித்து இறங்குகிறவராக இருக்க வேண்டும்.

பதில் பிந்திவிட்டது. ப்ளம்ஸ் பழங்கள் வழியிலேயே ஜாமாகி வந்து சேர்ந்தன. பாணில் பூசிச் சாப்பிட்டோம்.

நீங்கள் வருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்தேன். பஸ்ஸில் ஒரு தரம், குசினியில் ஒரு தரம்.

இவர் சுகம். போன வருடம் பாரிசவாதம் வந்த பிறகு வலது கை கொஞ்சம் வழங்கவில்லை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன் அல்லவா? காலும் கொஞ்சம். பேச்சும் கொஞ்சம். முந்தி என்னோடு வாதாடித் தோற்கிறவர், இப்போது வாதாடாமலே வெல்கிறார். விடிய நாலரைக்கு எழும்பி அவரைத் திருப்பி, துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சியைக் கரண்டியால் கொடுத்துவிட்டு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கிறேன். பகலில் ஒரு தாதி இரண்டு தரம் வந்து பார்ப்பார். பின்னேரம் நான் வந்து மறுபடியும் முதலிலிருந்து. இல்லத்தில் நாற்பது ராஜாக்கள், வீட்டில் ஒரு மகாராஜா. இந்த நாட்டில் என்னைப் போலப் பதவி யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

சரி, அதை விடுங்கள். பேர்பெச்சுவா கரட் சீவிக்கொண்டே சொன்ன ஒரு விசயம் உங்களுக்குப் பிடிக்கும்.

அவளுடைய ஆட்களிடம் முந்தி ஒரு வழக்கம் இருந்ததாம். ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சாப்பிடமாட்டார்கள். எல்லோரும் ஓரிடத்தில் கூடி இருப்பார்கள். மனைவிமார் சமைத்து, பானையை வாழையிலையால் மூடி அங்கே அனுப்புவார்கள். ஆனால் கலியாணம் முடித்துப் போகிற பெண்ணுக்குத் தாய்வீட்டில் மரமூடிகள் கொடுத்துவிடுவார்களாம். ஒவ்வொரு மூடியிலும் ஒவ்வோர் உருவம் செதுக்கியிருக்கும். ஒரு குருவி, ஒரு சிப்பி, மூன்று கல்லில் ஏற்றிய பானை, இப்படி. ஒவ்வோர் உருவமும் ஒரு முதுமொழி. புருஷன் மேல் மனக்குறை வந்த அன்றைக்கு அவள் வாயே திறக்கமாட்டாள். அந்தக் குறைக்கு ஏற்ற மூடியைத் தேடி எடுத்து, இலைக்குப் பதிலாக அதால் பானையை மூடி அனுப்பிவிடுவாள். கூடியிருக்கிற அத்தனை ஆண்களும் அதைப் பார்ப்பார்கள். அவர் எல்லோருக்கும் முன்னால் மறுமொழி சொன்ன பிறகுதான் சாப்பாடு.

நம்முடைய ஆட்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் எத்தனை பேர் பட்டினி கிடந்து செத்திருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். பேர்பெச்சுவா சிரிக்கவில்லை. "நீ எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறாய்" என்றாள். அதுவும் முதுமொழியோ என்று கேட்டேன். இல்லையாம்.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.
செல்லம்


ஷோனெஃபெல்ட்
3 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். அவ்விடம் யாவரும் நலமென நம்புகிறேன்.

அறையின் ஜன்னல் எந்தத் திசை? என் அலுமாரியின் உயரம் இரண்டு மீற்றர் பத்து. நுழையுமா என அளந்து எழுதவும். காலையில் எனக்கு வெளிச்சம் வேண்டும்.

மூடிகள் பற்றிச் சீட்டாட்டத்தில் சொன்னேன். சிவராமன் கனநேரம் சிரித்தார். கோவிந்தராஜன் சிரிக்கவில்லை. அங்கே கூடியிருக்கும் ஆண்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா, அல்லது சேர்ந்து ஏதும் செய்வார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்து எழுது.

அண்ணன்,
கதிர்காமநாதன்


வுப்பர்டால்
1 டிசெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே பனியும் நாங்களும் சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

ஜன்னல் கிழக்கு. அலுமாரி நுழையாது. நுழைந்தால் கதவு பூட்டாது. பூட்டினால் நீங்கள் வெளியே நிற்பீர்கள். அந்த அறையில் இப்போது ஒரு மனிசி படுக்கிறாள், சின்னக் கட்டிலில். குறட்டை விடுவாள். இவருடைய மருத்துவக் கட்டில் வந்து படுக்கையறையை நிரப்பிய பிறகு அவளுக்குப் போக வேறு இடமில்லை.

கோவிந்தராஜன் அண்ணை கேட்டதைப் பேர்பெச்சுவாவிடம் கேட்டேன். அந்த ஆண்களுக்கு அதுதான் வேலையாம். உருவத்தை வாசிப்பது, யாரில் பிழை என்று கதைப்பது, ஒரு வழி சொல்வது. மூடியைப் பார்த்தும் பாராதது போல இருப்பது வெட்கக்கேடாம்.

அவளிடமும் தாய் கொடுத்துவிட்ட ஒரே ஒரு மூடி இருக்கிறது, குசினிச் சுவரில் தொங்குகிறது. மூன்று கல்லில் ஏற்றிய பானை, பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேர். கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் புருஷன் பென்ஜமினோடு ஏதோ கோபம் வந்து, கோழிக்கறிக்கு அதைப் போட்டு மூடி மேசையில் வைத்தாளாம். பென்ஜமின் கால்பந்து பார்த்துக்கொண்டே மூடியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு முழுக்கோழியையும் சாப்பிட்டு முடித்தாராம்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகென்ன? சுத்தி நாலு பேர் இல்லையெண்டா அது வெறும் மரக்கட்டை. எங்களுக்கு இஞ்சை பானை இருக்கு, மூடி இருக்கு. அந்த நாலு பேர்தான் இல்லை" என்றாள்.

அண்ணை, ஒரு உண்மை. உங்களுக்கு வேறொரு கடிதம் நாலு தரம் எழுதினேன். நாலு தரமும் கிழித்தேன். கிழித்ததைக் குசினிக் குப்பையில் போடும்போது பேர்பெச்சுவா பார்த்துவிட்டாள். நமது எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும், "உது உன்ரை அண்ணருக்கோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"ஏலாது எண்டு எழுதன்."

"அந்த மனிசன் இல்லையெண்டா நான் இந்த நாட்டிலேயே இல்லை. அவருக்கு அந்தச் சொல்லை எழுத என்ரை கை வராது."

"அப்ப அந்தக் கையாலை வேறை மாதிரிச் சொல்லு" என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குளிருக்குத் தொப்பி போடுங்கள். காதை மூடினால் கேட்காது என்று சாட்டுச் சொல்லாதீர்கள். திறந்திருந்தாலும் கேட்காதுதானே.

செல்லம்


ஷோனெஃபெல்ட்
22 டிசெம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். அவ்விடம் யாவரும் நலமென நம்புகிறேன்.

அறையை வாடகைக்குக் கொடுத்திருக்கிறாய் என விளங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணை மார்ச்சுக்குள் வேறிடம் பார்க்கச் சொல்லவும். அலுமாரியைச் சிவராமனுக்குக் கொடுத்துவிடலாம்.

வீட்டை விடும் கடிதத்தை ஜனவரி இரண்டாம் தேதி தபாலில் சேர்ப்பேன். மூன்று மாத முன்னறிவித்தல் அவசியம். இத்துடன் உள்ள படிவத்தில் உன் வீட்டு உரிமையாளரின் கையொப்பம் வாங்கி அனுப்பு. நகரசபையில் பதிவதற்குத் தேவை.

நீ எழுதிக் கிழித்த கடிதத்தில் என்ன இருந்தது? தாள் வீணாக்காதே.

அண்ணன்,
கதிர்காமநாதன்


வுப்பர்டால்
28 டிசெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம்.

டின் வருகிறது. சீனி அரியதரம் சுட்டிருக்கிறேன், இந்த முறை கடினமில்லை. தனியே இருக்கும்போது பெட்டியைப் பிரிக்க வேண்டாம். சனிக்கிழமை எல்லோரும் வந்த பிறகு மேசையில் வைத்துப் பிரியுங்கள். முதலில் மூடியைப் பாருங்கள். பிறகு திறவுங்கள்.

படிவம் என்னிடம் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.

செல்லம்


வுப்பர்டால்
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

டின் கிடைத்ததா? கிடைத்தது என்று தபாற்காரர் கணினியில் போட்டிருக்கிறார். கிடைத்து இரண்டு கிழமை தாண்டிவிட்டது. அரியதரம் தொண்டையில் சிக்கிவிட்டதோ என்று பார்த்தேன்.

கோபமென்றால் ஏசி எழுதுங்கள். ஏச்சு எனக்குப் பழக்கம். இல்லத்தில் ஒரு கிழவர் எனக்குத் தினமும் ஏசுகிறார், ஏசாத நாளில் அவருக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிறேன். நீங்கள் பேசாமல் இருந்தால் நான் எங்கே தொட்டுப் பார்ப்பது?

மூடியை அனுப்பியிருக்கக் கூடாது என்று மூன்று நாள் நினைக்கிறேன். நாலாம் நாள் அனுப்பியது சரி என்று நினைக்கிறேன். பேர்பெச்சுவா தினமும் "வந்ததோ?" என்று கேட்கிறாள். இல்லையென்றால் ஒரு முதுமொழி சொல்கிறாள். நேற்று அதையும் சொல்லவில்லை.

படிவத்தை இன்றைக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் கட்டாயம் கொடு என்று எழுதினால் கொடுப்பேன், அண்ணை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

செல்லம்


ஷோனெஃபெல்ட்
9 பெப்ரவரி 2025

தங்கச்சி,

இந்த முறை யாவரும் நலமென நான் நம்பவில்லை. ஆகவே அந்த வரியை விடுகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டை விடும் கடிதத்தை இரண்டாம் தேதி தபாலில் சேர்த்தேன். மறுநாள் டின் வந்தது. சனிக்கிழமை சிவராமனும் கோவிந்தராஜனும் வந்து, சீட்டுப் பகிர்ந்து, துரும்பு சொல்லும் நேரத்தில் பெட்டியைப் பிரித்தேன்.

நீ உப்பு மாவில் செய்து ஒட்டியிருந்த உருவங்கள் பஞ்சுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒரு பெண், முழங்கால் மடிய, நிலத்தைப் பார்த்துக் குனிந்து நிற்கிறாள். அவளுடைய முதுகில் நீட்டி நிமிர்ந்து ஒருவர், ஒரு கை மடங்கியபடி. பக்கத்தில் இன்னொருவர், கையில் சூட்கேஸ், ஒரு காலைத் தூக்கி அவளுடைய முதுகில் ஏறப் போகிறார்.

சிவராமன் சிரிக்கத் தொடங்கினார். "உந்தச் சூட்கேஸ்காரர் ஆர்? காதுக்குப் பின்னாலை ஒரு பருப்பு ஒட்டியிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் காதுக்குப் பின்னால் இருக்கும் கேட்கும் கருவியைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"படுத்திருக்கிறது ஸ்ரீதரனோ?" என்று கோவிந்தராஜன் கேட்டார்.

"அவருக்குக் கை கொஞ்சம் வழங்காது, அவ்வளவுதான்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"செல்லம்தான் எழுதினவ. பகிடியாத்தான் எழுதுறவ."

"நீங்கள் கடைசியா அவரோடை எப்ப கதைச்சனீங்கள்?"

நான் கையிலிருந்த சீட்டுகளை அடுக்கினேன். அவர் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்தப் பிள்ளையின்ரை முதுகு ஒடியுது. வாய் மட்டும் சிரிக்குது" என்றார். அதற்குப் பிறகு, "சீட்டை வையுங்கோ. இதுக்கு என்ன செய்யலாமெண்டு முதல் கதைப்பம்" என்றார். அரியதரத்தை ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். நாலரைக்கு எழும்புவது இருந்தது. கரண்டியால் கஞ்சி கொடுப்பது இருந்தது. குறட்டை விடும் மனிசி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அவளை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் கடிதங்கள் உன்னிடம் இருக்கும், நீ பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் நலமென நம்பியிருக்கிறேன். ஒன்றிலாவது கேட்டிருக்கிறேனா என்று எனக்கு நினைவில்லை.

இந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது. கடிதத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. கோவிந்தராஜன் என்னோடு வீடு பார்க்கும் மூன்று சந்திப்புகளுக்கு வந்து, எனக்குக் கேட்காததையெல்லாம் கேட்டுச் சொன்னார். அதே தெருவில், கீழ்த்தளத்தில், ஓர் அறை உள்ள வீடு ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து கிடைக்கிறது. படி இல்லை. பதில் தாமதமானதற்கு இந்த வீடு தேடல் ஒரு காரணம். மற்றது வெட்கம்.

படிவத்தைக் கிழித்துவிடு. இந்தத் தாள் வீணாகலாம்.

செல்லம், நீ எப்படி இருக்கிறாய்?

அண்ணை


வுப்பர்டால்
16 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

நான் சுகமில்லை. ஒரு கடிதத்தை இப்படித் தொடங்கலாமா என்று எனக்குத் தெரியாது.

படுத்த படுக்கை இல்லை, பயப்படாதீர்கள். களைப்பு. பஸ்ஸில் நித்திரையாகி மூன்று தரம் கடைசித் தரிப்பு வரைக்கும் போயிருக்கிறேன். மூன்றாம் தரம் சாரதியே வந்து தோளில் தட்டினார். இடுப்பு நோகிறது. இவருக்கு இப்போது பத்துச் சொல் வரும். அதில் என்னுடைய பேர் இல்லை. கரண்டியைக் கண்டால் சில நாள் முகத்தைத் திருப்பி அழுகிறார். உங்களுக்கு எழுத வேண்டாமென்று இடது கையால் காட்டினவரும் இவர்தான். உங்கள் முன்னால் கால் மேல் கால் போட்டு இருந்த மனிதர், தெரியும்தானே.

தேனுஜாவுக்கும் முழுதாகச் சொல்லவில்லை. அவள் கிழமைக்கு ஒரு தரம் வீடியோவில் வருவாள். நான் கட்டிலைக் காட்டாமல் ஜன்னலைக் காட்டுவேன். இந்தக் கடிதம் எழுத முதல் அவளுக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பதினைந்து நாள் லீவில் வருகிறாள்.

போன மாதம் ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்து, கதவைத் திறக்காமல் மாடிப்படியில் இருந்தேன். உள்ளே இவர் இருமுவது கேட்டது. நான் எழும்பவில்லை. இருபது நிமிடம். கைபேசியில் பார்த்தேன், அதனால் சரியாகத் தெரியும். அதற்குப் பிறகு போய்க் கஞ்சி காய்ச்சினேன்.

இதையெல்லாம் முந்தியே ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். சிரிக்காமல் எழுதத் தொடங்கினால் எங்கே நிற்பாட்டுவதென்று தெரியாமல் போய்விடுமென்ற பயம்தான். பாருங்கள், இந்தத் தாள் முடிந்துவிட்டது.

செல்லம்


ஷோனெஃபெல்ட்
23 மார்ச் 2025

தங்கச்சி,

நீ எழுதியதைத் தினமும் ஒரு தரம் வாசிக்கிறேன். தேனுஜா வந்தது நல்லது.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். ஒன்பது நாள். அதற்குப் பிறகு திரும்பி என் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஓகஸ்டில் மறுபடி ஒன்பது நாள். படுத்திருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையை இங்கே ஒரு தாதியிடம் பழகினேன். சிவராமன் படுத்துக் காட்டினார். அவர் தொண்ணூற்றைந்து கிலோ. ஸ்ரீதரனைச் சமாளிப்பேன் என நினைக்கிறேன்.

நான் சோபாவில் படுப்பேன். அறையிலிருக்கும் மனிசியை எழுப்ப வேண்டாம்.

அண்ணை


வுப்பர்டால்
4 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அறிந்தேன். படியில்லாத வீட்டில் கால் என்ன சொல்கிறது?

நீங்கள் போனபின் வீடு அமைதியாகிவிட்டது. ஒன்பது நாளும் இவரோடு நீங்கள் கத்திக் கத்திக் கதைத்ததில் கீழ்வீட்டு ஜெர்மன்காரி ஏதும் சண்டையோ என்று கேட்டாள். ஒருவருக்குக் காது கேட்காது, மற்றவருக்குப் பேச்சு வராது, அதனால் பொருத்தம் நல்லாயிருக்கிறது என்றேன். இவர் இப்போது காலையில் சோபாவைப் பார்க்கிறார். பதினோராவது சொல் வந்திருக்கிறது. "அண்ணை." என்னுடைய பேர் இன்னும் இல்லை. இருக்கட்டும், என்னை அவர் தேட வேண்டியதில்லைத்தானே.

முதல் நாள் நான் பதினாலு மணித்தியாலம் நித்திரை கொண்டதாக நீங்கள் சொன்னதை நம்பவில்லை. குறட்டை விட்டேன் என்பதை நம்புகிறேன்.

நீங்கள் வெளிக்கிட்ட பிறகுதான் மேசையில் நீல டின்னைக் கண்டேன். உள்ளே நீங்களே சுட்ட பணியாரம். அண்ணை, என்னுடையதைச் சற்றுக் கடினம் என்று எழுதினீர்கள். உங்களுடையதை உடைக்க இல்லத்துத் திருத்த வேலைக்காரர் சுத்தியலோடு வர வேண்டியிருந்தது.

மூடியைப் பிறகுதான் நன்றாகப் பார்த்தேன். உருவங்கள் எல்லாம் அப்படியே நின்றன. பெண் அதே குனிவு. படுத்திருப்பவர் அதே இடத்தில். அவரை எங்கே இறக்க முடியும்? ஆனால் சூட்கேஸைக் கழற்றிவிட்டீர்கள். தூக்கிய கால் நிலத்தில் நிற்கிறது. முழங்காலில் கட்டுப் போட்டதுபோல ஒரு வெள்ளை நூல் சுற்றி, இரண்டு கையாலும் படுத்திருப்பவருடைய காலைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மா பிசையத் தெரியாத ஆளின் வேலை என்று பார்த்தவுடனே விளங்குகிறது. கை ஒன்று நீளம், மற்றது கட்டை. காதுக்குப் பின்னால் பருப்பை மறக்காமல் புதிதாக ஒட்டியிருக்கிறீர்கள்.

குசினிக்குக் கொண்டுபோய்ப் பேர்பெச்சுவாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். கனநேரம் பார்த்தாள்.

"இதுக்கு உங்கடை ஆக்களிட்டை ஒரு முதுமொழி இருக்குமே, சொல்லன்" என்றேன்.

"இதுக்கு நான் என்ன சொல்ல? அது மூடியிலை கிடக்குது" என்றாள். பிறகு, "இதுக்கு வாய் எங்கை?" என்று கேட்டாள்.

நான் கவனித்திருக்கவில்லை. பெண்ணின் முகத்தில் நான் கறுப்புப் பேனையால் கீறியிருந்த சிரிப்பை நீங்கள் சுரண்டி எடுத்திருந்தீர்கள். அந்த இடம் மழமழவென்று இருந்தது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. நான் செய்த உருவம், நான் வைத்த சிரிப்பு, அதில் உங்களுக்கு என்ன வேலை? வீட்டுக்கு வந்து, மறுபடி கீறப் பேனையை எடுத்தேன். பேனையின் மூடியையும் திறந்தேன்.

கீறவில்லை. சிரிப்பு வருகிற அன்று நானே கீறிக்கொள்கிறேன்.

இங்கே இவர் கால்வாசி சுகம், நான் அரைவாசி சுகம். உங்கள் சுகத்தையும் அளந்து எழுதுங்கள்.

செல்லம்